சில்லில் சுற்றிய ஹபாயா

நஜ்லா என்ன படித்தாள், என்ன வேலை பார்க்கிறாள் என்று அவள் ஊரான சாய்ந்தமருதில் ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. கேட்டால் அவளுடைய உம்மாவே தடுமாறிப்போவாள். "டொக்டர்தான், ஆனா மருந்து குடுக்கிற டொக்டர் இல்ல" என்று தொடங்கி, "றோட்டுல விழுந்தாக்கள்ற எலும்பு எப்படி ஒடஞ்ச எண்டு பார்க்கிற" என்று எப்படியோ பேச்சைக் கரைசேர்ப்பாள். கேட்டவர்களும் அதற்குமேல் தோண்டுவதில்லை. விழுந்தவனைத் தூக்காமல் அவன் ஏன் விழுந்தான் என்று பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு உத்தியோகமா என்று வெளியே போய்ச் சிரித்திருப்பார்கள். அதில் நஜ்லாவுக்குக் கோபமில்லை. அவளுக்குக் கோபம் வருகிற விஷயங்கள் வேறு.

பேராதனையில் உடலியல் படித்தவள் அவள். பிறகு அவுஸ்திரேலியாவுக்குப் போய், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுகிற மனிதனின் மண்டைக்கும் நெஞ்சுக்கும் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் வாங்கினாள். பொம்மைத் தலைக்கு ஹெல்மெட் மாட்டி உயரத்திலிருந்து போட்டுப் போட்டே அவளுடைய இளமையில் பாதி அங்கே கழிந்தது. திரும்பி வந்து ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். நாட்டில் எங்கே பெரிய விபத்து நடந்தாலும் போய்ப் பார்க்கிற சிறிய குழு ஒன்றைக் கட்டினாள். வாகனத்தில் விழுந்த நெளிவையும் உடம்பில் விழுந்த காயத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தால் நடந்தது தெரிந்துவிடும் என்பது அவள் கட்சி. "யாரில் பிழை?" என்று கேட்கிறவர்களைக் கண்டால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பிழை பிடிப்பது பொலிசின் வேலை, அடுத்தவன் அதே இடத்தில் விழாமலிருக்க என்ன செய்யலாம் என்பதே என் வேலை என்று கூட்டங்களில் மேசையைத் தட்டிச் சொல்வாள்.

இப்படிப்பட்டவளின் சொந்தத் தங்கச்சி மாப்பிள்ளை றஸ்மி, ஓகஸ்ட் மாதத்து அறுவடை நேரம், சம்மாந்துறை றோட்டில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து மௌத்தாகிப் போனான். பின்னால் இருந்து போன தங்கச்சி ஹாஜறா தலையில் அடிபட்டுப் பிழைத்தாள். நஜ்லாவால் ஜனாஸா அடக்கத்துக்கு வரமுடியவில்லை. அவள் அப்போது வெளிநாட்டு மாநாடொன்றில், பாவம், மோட்டார் சைக்கிள் விபத்துக்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

அங்கத்தைய வேலை முடிந்து மூன்று வாரம் கழித்துத்தான் ஊருக்கு ஓடிவர முடிந்தது. வந்து தங்கச்சியைக் கட்டிப்பிடித்து அழுது ஓய்ந்த அடுத்த நாள், துவாய் ஒன்று தேடி ஹாஜறாவின் அலுமாரியைத் திறந்தாள். உள்ளே கொழுவியிருந்த ஹபாயாக்கள், வெளியே போகும்போது உடுப்புக்கு மேலால் போடும் கணுக்காலளவு நீண்ட கறுப்பு அங்கிகள், எல்லாம் முழங்காலளவில் கத்தரிக்கப்பட்டிருந்தன. பெருநாளைக்கு எடுத்தது, கலியாணத்துக்கு எடுத்தது, ஒன்றும் மிச்சமில்லை. வெட்டிய கீழ்ப்பாதிகள் அலுமாரியின் அடியில் கறுப்பாகக் குவிந்து கிடந்தன.

"என்ன புள்ள இது?"

ஹாஜறா கட்டில் விளிம்பில் வெள்ளை உடுப்போடு உட்கார்ந்திருந்தாள். இத்தா இருக்கிறவள். புருஷனை இழந்த பெண் வெளியே இறங்காமல், பிற ஆண்களின் பார்வையில் படாமல் வீட்டுக்குள் இருக்கிற காலம் அது. அந்த அறையும் பின்வளவுக் கிணறும்தான் இப்போது அவள் உலகம்.

"இனி எனக்கு அது வாணா, ராத்தா."

"இத்தா முடிய என்னத்த உடுக்கப்போற?"

"நான் இனி எங்க போகப்போறன்" என்றாள் ஹாஜறா. பிறகு தண்ணீர் கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்: "அதுதானே அவரக் கொன்ன. ஹபாயா கொன்ன எண்டா என்ன, நான் கொன்ன எண்டா என்ன."

ஊர் சொல்லும் கதையை நஜ்லாவும் தொலைபேசியில் கேட்டிருந்தாள். றஸ்மி பொண்டாட்டியை ஏற்றிக்கொண்டு சம்மாந்துறையில் இருக்கும் தன் உம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறான். உம்மாவின் வீட்டுக்குக் கிட்டே, றோட்டில் நெல் காயப்போட்டிருந்த இடத்தில் ஹாஜறாவின் ஹபாயா பின்சில்லில் சிக்கி, சக்கரம் அதை இழுத்து, இருவரும் நெல்லில் விழுந்திருக்கிறார்கள். ஓடிவந்தவர்கள் எல்லோரும் சில்லில் கறுப்புத் துணி சுற்றியிருந்ததைக் கண்ணாலே கண்டார்கள். கலியாணத்துக்கு நஜ்லா வாங்கிக் கொடுத்த ஹெல்மெட் றஸ்மியின் தலையைக் காத்துத்தான் இருந்தது. ஹேண்டில் நெஞ்சில் இடித்ததற்கு ஹெல்மெட் என்ன செய்யும்?

இத்தா வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வரும் பெண்கள் நல்ல மனதோடுதான் வருவார்கள். "எல்லாம் நசீப் மகள், எழுதினதுதான் நடக்கும்" என்று தொடங்குவார்கள். எழும்பும்போது, "ஹபாயாவக் கொஞ்சம் ஒதுக்கிப் புடிச்சிரிக்கலாம்தான்" என்று ஒரு சொல்லை விட்டுவிட்டுப் போவார்கள். ஹாஜறா அந்தச் சொற்களையெல்லாம் ஒன்றுவிடாமல் பொறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வராத ஒரேயொரு ஆள் மாமி, றஸ்மியின் உம்மா. இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பது. அந்த வழக்கப்படி தன் ஒரே மகனைச் சாய்ந்தமருதுக்குக் கொடுத்தவள் சபியா உம்மா. ஜனாஸா எடுத்த அன்று வாசலில் நின்று, "நான் முழுசாத் தந்த புள்ளய இப்படியா திருப்பித் தாறீங்க" என்று கேட்டுவிட்டுப் போனவள்தான், இந்தப் படலையைப் பிறகு திறக்கவில்லை.

நஜ்லா அலுமாரியைச் சாத்திவிட்டுத் தங்கச்சியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மத்தாக்கள் சொன்னத விடு. நீ கண்டத மட்டும் சொல்லு."

"காரைதீவுச் சந்தி தாண்டினது தெரியும். நல்ல வெயில், முகத்துக்கு நேர அடிச்ச. அவர் என்னமோ சொல்லிச் சிரிச்ச." ஹாஜறா நிறுத்தினாள். "மறுகா ஆசுபத்திரி."

"ஹபாயா மாட்டின நேரம் இழுத்திச்சா? இடுப்ப இழுத்திச்சா, தோளடிய இழுத்திச்சா?"

"இழுத்துத்தானே இரிக்கும்."

"இரிக்கும் எண்டு கேக்கல்ல புள்ள. இழுத்தது தெரியுமா?"

ஹாஜறா யோசித்தாள். கண்ணை மூடிப் பார்த்தாள். "தெரியா, ராத்தா."

மண்டையில் அப்படி அடிபட்டவருக்கு, அடிபட முந்திய கொஞ்ச நேரம் நினைவிலிருந்து அழிந்துபோவது வழமை. அழிந்த இடத்தை மூளை வெறுமையாக விடாது, கேட்டதைக் கொண்டு நிரப்பிவிடும். இதை நஜ்லா எத்தனையோ மாணவர்களுக்குப் படிப்பித்திருக்கிறாள். தன் தங்கச்சியின் தலைக்குள் அது நடந்திருக்கும் என்று மட்டும் அவளுக்கு இவ்வளவு நாளும் தோன்றவில்லை.

"அப்ப ஹபாயாதான் எண்டு ஒனக்கு ஆரு சொன்ன?"

வந்தது கதை. மரண விசாரணை அதிகாரி கட்டிலடிக்கு வந்திருக்கிறார். காரணம் தெளிவாக இல்லாவிட்டால் மையித்தைக் கீறிப் பார்க்கவேண்டி வரும் என்று வார்ட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கீறப்போனால் நேரம் போகும், விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு அடக்க முடியாது. சில்லில் துணி இருந்ததை எல்லோரும் கண்டார்கள்தானே, அதைச் சொல்லு மகள், போதும் என்றார்கள்.

"அவரக் கீறாமத் தரட்டும் எண்டு நான் ஓம் எண்டு சொன்ன" என்றாள் ஹாஜறா. "சொன்னதுக்குப் பொறகு நானும் யோசிச்சுப் பார்த்த. அதுதான் மெய் போல கெடந்த."

நஜ்லாவுக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. ஒருவரும் கெட்டது நினைக்கவில்லை. மையித்தை முழுசாகவும் நேரத்தோடும் மண்ணுக்குக் கொடுக்கவேண்டும் என்று நினைத்தார்கள், கைக்கு எட்டிய காரணத்தை எடுத்துக் கொடுத்தார்கள். அந்தக் காரணம் காரியம் முடிந்ததும் எழும்பிப் போகாமல் இந்தப் பிள்ளையின் தலையில் ஏறிக் குந்திக்கொண்டது. நஜ்லா தங்கச்சியின் சட்டையை விலக்கி உடம்பைப் பார்த்தாள். வலது தோளில் பழைய காயம் ஆறியிருந்தது. இடுப்பில், அக்குளில் துணி இறுக்கிய தழும்பு ஒன்றும் இல்லை. அதை வைத்து முடிவு சொல்ல முடியாது. காயம் ஆறுகிற அளவுக்கு நாள் போய்விட்டது.

"நான் போய் மோட்ட சைக்கிளப் பார்க்கட்டா?"

"பார்த்து, நான்தான் எண்டு வந்தா?"

சொந்தக்காரரின் விபத்தை ஒருவரும் ஆராயக் கூடாது என்று தன் குழுவுக்குச் சட்டம் போட்டவளே நஜ்லாதான். பாசமுள்ள கண் தனக்கு வேண்டியதைத்தான் காணும். அதனால் வாய்வரை வந்த ஆறுதலை விழுங்கிக்கொண்டாள். "வந்தா, அதையும் வந்து சொல்லுவன்" என்றாள். சொல்லிவிட்டு அறையைவிட்டு வெளியே வந்து, குசினியில் உம்மாவுக்குத் தெரியாமல் அழுதாள்.

சம்மாந்துறைக்குப் போகிற வழியெல்லாம் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று புழுதியை வாரி அடித்தது. நெற்காலம் என்றால் அந்தப் பக்கத்தில் பாதி றோட்டு வண்டிக்கு, பாதி றோட்டு நெல்லுக்கு. தார் சூட்டில் நெல் சீக்கிரம் காயும். வாகனக்காரர்கள் நெல்லின் மேல் ஏற்றிவிடாமலிருக்க ஓரத்தில் கல்லோ கட்டையோ தூக்கி வைப்பார்கள். இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கற்கள் கண்ணில் படுவதே இல்லை. நஜ்லாவுக்கும் படவில்லை. எதிர்வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தங்கச்சியைப் பற்றி யோசித்தபடி காரை ஓட்டிப் போனாள்.

சபியா உம்மா முற்றத்தில் கோழிக்குக் குறுணி போட்டுக்கொண்டிருந்தாள். நஜ்லாவைக் கண்டதும் எழுந்து சலாத்துக்குப் பதில் சொன்னாள், கதிரை போட்டாள், தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வந்தவளுக்கு ஒரு மரியாதையும் குறைக்கவில்லை. முகத்தை மட்டும்தான் கொடுக்கவில்லை.

"மோட்ட சைக்கிளப் பார்க்கணும், மாமி."

"பார்த்து? ஒண்ட தங்கச்சி செய்யல்ல எண்டு எழுதப்போறியா?"

"என்ன இரிக்கோ, அதச் சொல்லுவன்."

"படிச்சாக்கள் எப்படியும் எழுதலாம்தானே."

அது நஜ்லாவுக்குச் சுருக்கென்று தைத்தது. தன் மனதுக்குள் கிடந்த பயத்தை இந்த மனுசி வெளியே எடுத்துப் போட்டுவிட்டாளே என்றிருந்தது. "அப்ப நீங்களும் வந்து பக்கத்துல நில்லுங்க. நான் பொய் சொன்னா அந்த இடத்துலயே புடிச்சிக்கங்க" என்றாள்.

பின்னால் தகரக் கொட்டிலில் படங்கு போட்டு மூடிக் கிடந்தது மோட்டார் சைக்கிள். பொலிஸ் திருப்பித் தந்த நாளிலிருந்து சபியா உம்மா அதை யாரையும் தொடவிடவில்லை. பின்சில்லில் கறுப்புத் துணி அப்படியே சுற்றியிருந்தது. அதை எடுத்துவிடுகிறோம் என்று வந்த பையன்களையும், "கெடக்கட்டும், அது சாட்சி" என்று துரத்திவிட்டிருந்தாள். அந்தக் கோபத்துக்கு நஜ்லா மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டாள்.

வெள்ளைத் துணியொன்றை நிலத்தில் விரித்து முழங்காலில் உட்கார்ந்தாள். தொடுவதற்கு முன்னால் நிமிர்ந்து சபியா உம்மாவிடம் சொன்னாள்:

"மாமி, முதல்லயே சொல்லிப் போட்டு அவுக்கன். சைக்கிள் ஓடக்குள்ள ஹபாயா மாட்டியிருந்தா, மறுகோடியில ஆள் இரிக்காள். சில்லு இழுக்கும், ஆளும் இழுக்கும். துணி கயிறு மாதிரி முறுகி, இறுகிக் கெடக்கணும். அப்படிக் கெடந்தா ஹாஜறாட ஹபாயாதான். நானே போய் அவக்கிட்டச் சொல்லுவன்."

"அப்படி இல்லாட்டி?"

"முதல்ல பார்ப்பம்."

சபியா உம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிட்டே வந்து குனிந்து நின்றாள். எத்தனையோ வண்டிகளைக் கழற்றிய நஜ்லாவின் கை இன்றைக்கு ஒரு துணி முனையைத் தேடி எடுக்கமுடியாமல் தடவிக்கொண்டிருந்தது. முனை கிடைத்ததும் மெல்ல இழுத்தாள். முதல் சுற்று வந்தது. இரண்டாவது வந்தது. கிரீஸ் பூசியிருந்தது, ஆனால் முறுகவில்லை. பாயைச் சுருட்டினதுபோலத் தட்டையாக, தளர்வாகச் சுற்றியிருந்தது. மடிப்புக்கு மடிப்பு நெல் கொட்டியது. கடைசிச் சுற்றும், சில்லின் அச்சோடு ஒட்டிக் கிடந்த அந்த முதல் மடிப்பும் வந்தபோது அதற்குள்ளும் ஒரு பிடி நெல் இருந்தது.

நஜ்லா துணியை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாள். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கக்கூட இல்லை.

"என்ன புள்ள? சொல்லன்."

"இது ஆளில்லாத துணி மாமி. இங்க பாருங்க, நெல்லு ஆக உள்ளுக்குப் போய்க் கெடக்கு. முதல்ல விழுந்திரிக்காங்க. விழக்குள்ள கால் வெக்கிற புட்றெஸ்ட்டுல மாட்டிக் கிழிஞ்சி, துணி நெல்லுக்குள்ள கெடந்திரிக்கி. எஞ்சின் நிக்கல்ல, சில்லு சுத்திக்கிட்டே இருந்திரிக்கி. மறுகாத்தான் துணிய வாரியெடுத்த." அவள் துணியை நீட்டினாள். "ஹபாயாவால விழல்ல மாமி. விழுந்ததாலதான் ஹபாயா போய்ச் சுத்தின."

சபியா உம்மா துணியை வாங்கி ஒவ்வொரு மடிப்பாகத் தடவிப் பார்த்தாள். நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப எதால விழுந்த?"

அந்தச் சந்தோஷத்தில் நஜ்லா முன்பின் யோசிக்கவில்லை. பழக்கதோஷத்தில் முன்சில்லுக்கு நகர்ந்தாள். றிம் ஓரிடத்தில் உள்ளே நெளிந்திருந்தது, கம்பிகள் வளைந்திருந்தன. தாழ்வான, கனமான எதிலோ நேராக ஏறி இடித்த நெளிவு. டயருக்கும் றிம்முக்கும் இடையில் சுண்ணாம்புத் துண்டுபோல ஒன்று செருகிக் கிடந்தது. பேனை முனையால் நெம்பி எடுத்தாள். சீமெந்து. ஒரு பக்கம் பச்சைப் பெயின்ற்.

இது எந்தச் சுவரில் இருந்து வந்தது என்று யோசித்தபடி நிமிர்ந்தவளின் பார்வை முற்றத்துக் கோழிக்கூட்டில் போய் நின்றது. கூட்டின் நாலு காலுக்கும் கீழே உடைந்த சுவர்த் துண்டுகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள். நாலும் அதே பச்சை. போன வருடம் றஸ்மி உம்மாவின் பழைய குசினியை இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டிக் கொடுத்தது நஜ்லாவுக்குத் தெரியும். படம் எடுத்து அவளுக்கும் அனுப்பியிருந்தான்.

அவள் கை அந்தத் துண்டை மூடிக்கொண்டது. தங்கச்சியின் தலையிலிருந்து பாரத்தை இறக்குவதற்குத்தான் வந்தாள். அதை இந்தத் தாயின் தலையில் இறக்கவேண்டி வரும் என்று அவள் நினைக்கவில்லை. 'மாமி, நெல்லுக்குக் கல் வெச்சீங்களா?' என்ற கேள்வியை எந்த ஊரிலும் எந்த மனிதரிடமும் கேட்டிருப்பாள். இங்கே கேட்கவில்லை.

"வெயில் மாமி" என்றாள். "அந்த நேரம் வெயில் கண்ணுக்கு நேர அடிக்கும். அவருக்குப் பாதை வெளங்கியிரிக்காது."

அது பொய் இல்லை, பாதி உண்மை. பாதி உண்மையோடு அவள் எந்த விபத்தையும் இதுவரை முடித்து வைத்ததில்லை.

"வெயில் வந்து றிம்ம நெளிக்குமா?" சபியா உம்மா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். "கைய விரி."

நஜ்லா விரிக்கவில்லை. சபியா உம்மாவே விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். உள்ளங்கையில் பச்சைத் துண்டு கிடந்தது. அவள் கோழிக்கூட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை, அதற்கு அவசியம் இருக்கவில்லை.

"எங்கட குசினிச் செவரு" என்றாள்.

அப்படியே கொட்டிலின் தூணில் சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டாள். வாய் மட்டும் அசைந்தது. "லொறிக்காரனுகள் நெல்லுக்கு மேலால ஏத்திட்டுப் போறானுகள் எண்டு நான்தான் கொண்டுபோய் வெச்ச. ஓரத்துல வெச்சாப் பத்தாது எண்டு கொஞ்சம் நடுவுக்குத் தள்ளி வெச்ச. நான்தான் மகள். இந்தக் கையாலதான்."

நஜ்லா அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். "மாமி, எல்லாரும்தான் வெக்கிற. இது ஒராள்ற பிழை இல்ல. நெல்லுக் காயவெக்க வேற இடம் இல்லாத ஊருல..."

"எனக்கு வகுப்பு எடுக்காத புள்ள."

மேசையைத் தட்டி நஜ்லா சொல்லிவந்தது அத்தனையும் சரிதான், ஒன்றுகூடப் பிழையில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் பக்கத்தில் புழுதியில் உட்கார்ந்திருக்கும்போது அதனால் ஒரு சதத்துக்கும் பிரயோசனமில்லை என்பதை இன்றைக்குத்தான் அறிந்தாள். சபியா உம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கொட்டிலுக்குள் வந்த கோழி ஒன்று வெள்ளைத் துணியில் கிடந்த நெல்லைக் கொத்தியது. இருவரும் அதை விரட்டவில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது சபியா உம்மா முகத்தைத் துடைத்தாள்.

"அந்தப் புள்ள என்ன செய்றா?"

நஜ்லா முதலில் சொல்லவேண்டாம் என்றுதான் நினைத்தாள். பிறகு கத்தரித்துப் போட்ட ஹபாயாக்களைப் பற்றிச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த சபியா உம்மா எழுந்தாள்.

"என்னக் கூட்டிக்கிட்டுப் போ."

"மாமி, நீங்க ஒண்டும் சொல்லத் தேவல்ல. ஹபாயாவால இல்ல எண்டு நான் சொல்றன். அது போதும்."

"அவ கேப்பா, அப்ப எதால எண்டு. நான் கேட்ட மாதிரி." சபியா உம்மா சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டாள். "நீ என்னத்தச் சொல்லுவ? வெயில் எண்டா? ஒனக்குப் பொய் சொல்லத் தெரியா மகள்."

திரும்பி வரும் வழியில், றஸ்மி விழுந்த இடம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், யாருடையதோ நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் கற்கள். மதியத்துக்குப் பிறகு இதே வழியால்தான் நஜ்லா போனாள், அப்போது காணாத கற்கள் இப்போது ஒவ்வொன்றாகக் கண்ணில் குத்தின. "நிப்பாட்டு" என்றாள் சபியா உம்மா. கார் நின்றதோ இல்லையோ, இறங்கிப் போய்க் குனிந்து, ஒரு கல்லைப் புரட்டி வயல் பக்கம் தள்ளினாள். அடுத்த கல்லுக்குப் போனாள். நஜ்லாவும் ஓடிப்போய் ஒன்றைத் தூக்கினாள். நிழலில் இருந்த நெற்காரர் எழும்பிச் சத்தம்போட்டுக்கொண்டு வந்தார்.

"என்னகா செய்றீங்க? லொறி ஏறினா நெல்லெல்லாம் நாசமாப் போயிரும்!"

"போகட்டும்" என்றாள் சபியா உம்மா நிமிராமலே. "நெல்லுத்தானே."

கிட்டே வந்தவர் அவள் முகத்தைக் கண்டுகொண்டார். றஸ்மியின் உம்மா என்று அந்தப் பகுதியில் தெரியாதவர் இல்லை. அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மிச்சக் கற்களைத் தானே தூக்கி ஓரமாக்கினார். சபியா உம்மா வந்து காரில் ஏறினாள். சாய்ந்தமருது வரும்வரை மண் அப்பிய கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுப் படலையில் சம்பந்தியைக் கண்ட உம்மா திகைத்துப்போய் வழிவிட்டாள். சபியா உம்மா நேரே ஹாஜறாவின் அறைக்குப் போனாள். மாமியைக் கண்டதும் ஹாஜறா கட்டிலிலிருந்து துடித்து எழுந்தாள். ஏச்சு வாங்கத் தயாராகிற பிள்ளையைப்போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவ்வளவு நாளும் அவள் காத்திருந்த ஏச்சு அது. நஜ்லா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள், உள்ளே போகத் துணிவு வரவில்லை.

"இரி மகள்" என்று சபியா உம்மா அவளைப் பிடித்து உட்காரவைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ராத்தா வந்து அந்தத் துணிய அவுத்துப் பார்த்தா. நானும் பக்கத்துல நிண்டு பார்த்த. ஒண்ட ஹபாயா இல்ல. விழுந்ததுக்குப் பொறகுதான் அது போய்ச் சுத்தியிரிக்கி."

ஹாஜறா விளங்காதவள்போல அக்காவைப் பார்த்தாள். நஜ்லா ஓம் என்று தலையாட்டினாள். ஹாஜறா அழப்போகிறாள் என்றுதான் நஜ்லா நினைத்தாள். அழவில்லை, கேட்டாள்:

"அப்ப எதால?"

சபியா உம்மா மண் அப்பிய தன் இரண்டு கைகளையும் அவள் முன்னால் விரித்துக் காட்டினாள். "நெல்லுக்கு நான் கல்லு வெச்ச. எங்கட பழைய குசினிக் கல்லு. அதுலதான் என்ட மகன் ஏறியிரிக்கான்."

ஹாஜறா அந்தக் கைகளைப் பார்த்தாள். மாமியின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாளும் கண்ணாடியில் பார்த்துவந்த அதே முகத்தை அங்கே கண்டிருக்க வேண்டும், சட்டென்று அந்தக் கைகளை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல மாமி" என்றாள். "என்ட ஹபாயாதான்."

"மகள்..."

"ஹபாயாதான் மாமி. எனக்கு நல்லா ஞாபகம் இரிக்கி. இடுப்புல இழுத்த. நான் அவரக் கூப்புட்ட. மறுகாத்தான் விழுந்த." அவள் வேகவேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். "ராத்தாக்கு வெளங்கல்ல. ராத்தா அங்க இரிக்கல்லதானே. நான்தானே இருந்த. நீங்க வெச்ச கல்லு இல்ல, அது ஓரமாத்தான் இருந்த, நான் கண்ட. நான்தான் மாமி."

நிலையில் சாய்ந்திருந்த நஜ்லாவுக்குத் தெரியும், ஹாஜறாவுக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. நிரூபணமான ஒன்றை யாராவது மறுத்துப் பேசினால் எழும்பி நின்று திருத்துகிறவள் அவள். இப்போது திருத்தவில்லை.

"பொய் சொல்லாத மகள்" என்றாள் சபியா உம்மா.

"பொய் இல்ல மாமி. அல்லாஹ்..."

ஆணையிடப்போன வாயைச் சபியா உம்மா தன் கையால் மூடினாள். மூடிய கையின் மேலால் ஹாஜறாவின் கண்ணீர் ஓடி மணிக்கட்டில் இறங்கியது. கிழவி அவள் தலையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "நீ செய்யல்ல. என்ட புள்ள, நீ ஒண்டும் செய்யல்ல" என்று சொல்லிச் சொல்லி முதுகைத் தட்டினாள். அந்த நெஞ்சுக்குள்ளிருந்து ஹாஜறாவின் குரல் மங்கலாகக் கேட்டது. "நீங்களும் செய்யல்ல மாமி. நீங்களும் செய்யல்ல."

நஜ்லா கதவை மெல்லச் சாத்திவிட்டுக் குசினிக்கு வந்தாள். உம்மா அடுப்படியில் நின்று, சம்பந்தி எப்போது புறப்படுவாள், காரிலேயே கொண்டுபோய் விடுகிறாயா என்று கேட்டாள்.

"மாமிக்கும் சேர்த்து உலை வைங்க உம்மா" என்றாள் நஜ்லா. "இண்டைக்கிப் போகமாட்டா."